கட்டுச்சோறும் மருந்துச் சீட்டும்

மாசி மாதத்து மகா சிவராத்திரி நெருங்கும்போது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் குடும்பங்கள் பல, அண்டாவையும் அரிசி மூட்டையையும் பாய்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் புறப்படுகின்றன. பிழைப்புக்காகச் சென்னை, கோவை, திருப்பூர் என்று பிரிந்து சென்ற பங்காளிகளும் அன்றைக்கு வந்து சேர்கிறார்கள். கண்மாய்க் கரையிலோ கருவேலங்காட்டின் நடுவிலோ இருக்கும் அய்யனார், கருப்பசாமி கோயில்களில் ஓரிரவும் ஒரு பகலும் தங்கிப் பொங்கலிடுகிறார்கள். வழக்கமுள்ளோர் கிடா வெட்டுகிறார்கள். அங்கேயே சமைத்து, அங்கேயே உண்டு திரும்புகிறார்கள்.

ஆடி மாதத்தில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடிக்கு நடந்து செல்லும் கூட்டம் வேறு. மார்கழியிலும் தையிலும் பந்தல்குடி, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூருக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல் நடக்கும் பாதயாத்திரைக் குழுக்கள் வேறு. மேலைநாட்டார் விடுமுறைக்கு மேற்கொள்ளும் கூடாரப் பயணத்துக்கு நிகரான ஒன்று, இந்த வறண்ட பூமியில் வழிபாட்டின் பெயரால் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது.

மாறியிருப்பது ஒன்றுதான். இன்று அந்த வண்டியில் ஏறும் குடும்பத்தில் மருந்துச் சீட்டு இல்லாத குடும்பம் அரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. வயது வந்தோரில் அதன் விகிதம் நாடு முழுவதற்கும் 11.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 14.4 சதவீதம். ரத்த அழுத்தம், சிறுநீரகச் செயலிழப்பு, இதய நோய் ஆகியவற்றையும் சேர்த்தால், ஐம்பது பேர் கூடும் ஒரு குலதெய்வ வழிபாட்டில் உணவுக் கட்டுப்பாட்டுடன் வருவோரை ஒரு பந்தியில் தனியே உட்கார வைக்கலாம்.

இவர்கள் முன் வழக்கமாக இரண்டு வழிகளே வைக்கப்படுகின்றன. 'உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, வீட்டிலேயே இருங்கள்' என்பது ஒன்று. 'ஒருநாள்தானே, சாமி பார்த்துக்கொள்ளும், சாப்பிடுங்கள்' என்பது மற்றொன்று. முதலாவது, குடும்பத்தின் மூத்தவரை அவர் முன்னின்று நடத்த வேண்டிய வழிபாட்டிலிருந்தே விலக்கிவிடுகிறது. இரண்டாவது, நள்ளிரவில் 108 ஊர்தியை அழைக்கும் நிலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கண்மாய்க் கரைக்கு அந்த ஊர்தி வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்றாவது வழி, உணவை முன்கூட்டியே திட்டமிடுவது. அது கடினமானதன்று, ஆனால், நம்முடைய பயண உணவு எந்த விதியின்மேல் அமைந்தது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அது கைகூடும்.

நம் முன்னோரின் கட்டுச்சோறு கெடாமல் இருந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. புளியின் புளிப்பும், உப்பும், நல்லெண்ணெயும் புளிச்சோற்றைக் காத்தன. வெல்லப்பாகு பொருவிளங்காய் உருண்டையைக் காத்தது. உப்பும் வெயிலும் வற்றலையும் மோர்மிளகாயையும் கருவாட்டையும் காத்தன. உப்பும் எண்ணெயும் ஊறுகாயைக் காத்தன. குளிர்பதனம் இல்லாத காலத்தில் இவை அறிவார்ந்த தீர்வுகள். ஆனால், உணவைக் காக்கும் இந்தப் பொருள்களின் பட்டியலை மருத்துவர் விலக்கச் சொல்லும் பொருள்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்த அழுத்தக்காரருக்கு உப்பு ஆகாது. நீரிழிவுக்காரருக்கு வெல்லம் ஆகாது. இதய நோயாளிக்கு எண்ணெய் மிகுதி ஆகாது. பயணச் சோற்றைக் காப்பது எதுவோ அதுவே நோயாளிக்குப் பகையாகிறது. நோயாளியின் பயண உணவு வீட்டு உணவைக் காட்டிலும் சிக்கலாவதன் அடிப்படைக் காரணம் இது.

இதிலிருந்தே தீர்வும் கிடைக்கிறது. பாதுகாக்கும் முறைகளில் நோயாளிக்குத் தீங்கு செய்யாதவை உலர்த்துதலும் வறுத்தலும். ஆகவே, சமைத்த உணவைச் சுமந்து செல்வதைக் குறைத்து, உப்பும் இனிப்பும் சேராத உலர்ந்த பொருள்களைச் சுமந்து சென்று, தங்குமிடத்தில் சிறிய அளவில் அவ்வப்போது சமைப்பதே ஏற்ற முறை. வறுத்த பாசிப்பயறு, பொரிகடலை, உடைத்த கம்பு, வறுத்த குதிரைவாலி, மிளகு சீரகப் பொடி, சுக்கு ஆகியவை இந்த மண்ணின் பொருள்கள், வாரக்கணக்கில் கெடாதவை.

எனினும், 'நோயாளிச் சாப்பாடு' என்று பொதுவான ஒன்று கிடையாது என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஒருவருக்கு மருந்தாவது மற்றொருவருக்கு ஆபத்தாகலாம். நீரிழிவுக்காரருக்கு நல்லதென்று தட்டைப்பயற்றுச் சுண்டலைத் தருகிறோம். அதில் உள்ள பொட்டாசியம் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவருக்குக் கேடு. சிறுநீரகக் கல் உள்ளவர் இந்த வெயிலில் மூன்று லிட்டருக்குக் குறையாமல் நீர் பருக வேண்டியிருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ ஒருநாள் முழுமைக்கும் ஒரு லிட்டர் அளவிலேயே எல்லை விதிக்கப்பட்டிருக்கலாம். ஒரே மர நிழலில் அமர்ந்திருக்கும் இருவருக்கு ஒரே சொம்பிலிருந்து நீர் வார்ப்பதில்கூட இவ்வளவு வேறுபாடு உண்டு. எனவே, திட்டமிடலின் முதல் படி, யாருக்கு எது விலக்கு, எவ்வளவு எல்லை என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்வதுதான்.

நீரிழிவை எடுத்துக்கொள்வோம். இனிப்புதான் அதில் ஆபத்து என்று பொதுவாக நினைக்கிறோம். ஓரிரவுப் பயணத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து, சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்துவிடுவது. சிவராத்திரியன்று பலர் நோன்பிருக்கிறார்கள். பூசை முடிந்து படையல் பரிமாறப்படுவதற்கு நள்ளிரவு ஆகலாம்; பின்னிரவும் ஆகலாம். வழக்கம்போல் மாலை ஏழரை மணிக்கு இன்சுலினையோ மாத்திரையையோ எடுத்துக்கொண்டவர் சாமி கும்பிட்ட பிறகு உண்ணலாம் என்று காத்திருந்தால், மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்; ஈடுகட்ட உணவு இருக்காது. இன்சுலினுக்கு மட்டுமன்று, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். மெட்ஃபார்மின் மட்டும் உண்போருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதுவகை மாத்திரைகளை உண்போருக்குப் பட்டினியும் நீரிழப்பும் சேர்ந்தால் வேறு வகைச் சிக்கல் நேரலாம். நோன்புக்கு முன்பே அவற்றை நிறுத்தச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு.

பாதயாத்திரையில் இதே ஆபத்து நடையின் வழியாக வருகிறது. உழைக்கும் தசை, இன்சுலினின் துணை இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடை நின்ற பிறகும் தசைகள் தம் சேமிப்பை நிரப்பிக்கொள்வதால், அடுத்த 24 மணி நேரம்வரைகூடச் சர்க்கரை தாழலாம். ஆண்டு முழுவதும் தறிக்குழியிலோ கடையிலோ அமர்ந்து வேலை செய்பவர் ஒரே இரவில் பல கிலோமீட்டர் நடக்கும்போது, வீட்டில் சரியாக இருந்த மருந்தளவு சாலையில் மிகையாகிவிடுகிறது. நடை நாள்களுக்கு மருந்தளவைக் குறைக்க வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது நாம்.

ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை நிலை. கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, தடுமாற்றம், பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அடையாளங்கள். உடுக்கையும் உறுமியும் முழங்கும் குலதெய்வக் கோயிலில் ஒருவர் உடல் நடுங்கித் தடுமாறினால், 'சாமி வந்துவிட்டது' என்று சுற்றியிருப்போர் கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. வழிநடையில் ஒருவர் உளறினால் குடித்திருக்கிறார் என்று ஒதுக்கவும் கூடும். குழுவில் யாருக்கு நீரிழிவு என்பதை உடன் வரும் இருவராவது அறிந்திருக்க வேண்டும்.

அந்நிலையில் உடனடியாகத் தர வேண்டியது 15 கிராம் சர்க்கரை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸ் மாவையோ அரைக் குவளை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஏறவில்லையெனில் மறுபடியும் தர வேண்டும். லட்டும் அதிரசமும் இதற்கு உதவா; அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை உண்போருக்குச் சாதாரணச் சர்க்கரையும் உடனே செயல்படாது. அவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் மாவுதான் இருக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

எனவே, நீரிழிவுக்காரரின் பயணத் திட்டத்தில் என்ன உண்பது என்பதற்கு முன், எப்போது உண்பது என்பது முடிவாக வேண்டும். மருந்தைப் படையலோடு முடிச்சுப் போடாமல், சொந்த உணவோடு முடிச்சுப் போட வேண்டும். இரவு ஏழரை மணிக்கு மருந்தென்றால் எட்டு மணிக்குள் தனக்கெனக் கொண்டுவந்த கம்பு உப்புமாவோ பயற்றங்கஞ்சியோ உண்டுவிட வேண்டும். நள்ளிரவுப் படையலில் விரல் நுனியளவு பொங்கலை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயிலிட்டால் பிரசாதம் பிரசாதம்தான். நோன்பு தவறிவிட்டதே என்று கலங்க வேண்டியதில்லை. நோயாளிக்கும் முதியவருக்கும் நோன்பில் விலக்களிப்பது நம் மரபே.

இன்சுலின் எடுத்துக்கொள்வோருக்கு வெயிலும் ஒரு கணக்கு. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பி, 30 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். மாசி மாதப் பகலிலேயே நம் பகுதியின் வெப்பம் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. நிறுத்திவைத்த வாகனத்தினுள் அது இன்னும் பல மடங்கு கடுமை. பெரிய மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, அதன் நடுவே சிறிய மண்கலயம் வைத்து, குப்பியை நீர் புகாத உறையிலிட்டு அதனுள் வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வைப்பது எளிய முறை. நீர் ஆவியாகும்போது கலயம் குளிர்கிறது. காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவு நன்றாகக் குளிரும். வறண்ட காற்று நமக்கு உதவும் அரிய இடங்களில் இது ஒன்று. பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டி வைப்பது தவறு. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

இனி, சிறுதானியம் பற்றிய ஒரு மயக்கத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். கம்பும் குதிரைவாலியும் கேழ்வரகும் இந்த மானாவாரி நிலத்தின் பெருமை. ஆனால், சோற்றில் உள்ள அளவுக்குச் சற்றே குறைவான மாவுச்சத்து அவற்றிலும் இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல் என்பதால் முழுதாகவோ உடைத்தோ சமைத்தால் சர்க்கரை மெல்ல ஏறும். நைய அரைத்து நீர்க்கக் கரைத்த கூழாகக் குடித்தால் விரைந்து ஏறிவிடும். கருப்பட்டியின் நிலையும் இதுவே. வெல்லமானாலும் கருப்பட்டியானாலும் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். நிறம் மாறுவதால் குணம் மாறிவிடுவதில்லை.

சிறுநீரக நோயாளிக்கோ கணக்கு தலைகீழாகிறது. 100 கிராம் கேழ்வரகில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்க, தீட்டிய வெள்ளரிசியில் 100 மில்லிகிராமை ஒட்டியே இருக்கிறது. பாஸ்பரசும் சிறுதானியத்தில்தான் கூடுதல். நோய் முற்றிய நிலையில், ஒருநாளைய பொட்டாசியத்துக்கு 2,000 மில்லிகிராமை ஒட்டி எல்லை விதிக்கப்படுவது உண்டு. வழியில் அன்போடு சீவித் தரப்படும் ஓர் இளநீரே அதில் நான்கில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளக் கூடும். ரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு நிலைகுலையும். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமலும் அது நேரும். அதனால், வெயிலுக்கு இதமென்று நாம் கருதும் இளநீர், வாழைப்பழம், உப்புச்சர்க்கரைக் கரைசல் ஆகிய மூன்றையும் இவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். தண்ணீர் அரிதான காட்டுக்கோயிலில் இதைச் செய்ய இயலாது. புறப்படும் நாளிலேயே வீட்டில் வேகவைத்து வடித்து எடுத்துச்சென்று, போய்ச் சேர்ந்ததும் முதல் வேளைக்குத் தாளித்து உண்டுவிட வேண்டும்.

உப்பைப் பொறுத்தவரை, ஒருவருக்கு ஒருநாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயண நாளில் அது எப்படிக் கரைகிறது என்று பாருங்கள்: புளிச்சோறு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வழியில் வாங்கும் சாத்தூர்ச் சேவு, பந்தலில் தரும் நீர்மோர், கறிக்குழம்பு. நண்பகலுக்குள்ளேயே எல்லை கடந்துவிடுகிறது. இந்துப்பு நல்லது என்று அதற்கு மாறுவோர் உண்டு. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுவதால், அது சிறுநீரக நோயாளிக்கு ஆகாது. நம் பகுதியில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பு. நோயாளிக்கான குடிநீரையும் சமையல் நீரையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது நல்லது.

இதற்குச் செலவில்லாத ஓர் உபாயம் இருக்கிறது. எந்தக் குழம்பாயினும் உப்பைக் கடைசியில் சேர்ப்பது. அதற்கு முன்பே நோயாளியின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவது. தமிழ்நாட்டில் சோற்றைப் பெரும்பாலும் உப்பில்லாமலேயே வடிக்கிறோம் என்பது ஒரு வசதி. எடுத்துவைத்த பங்கில் மிளகு, சீரகம், பூண்டு, சில துளி எலுமிச்சைச் சாறு, மல்லித்தழை சேர்த்தால் நாக்குக்கு உப்பின் குறை அவ்வளவாகத் தெரியாது. சர்க்கரைப் பொங்கலிலும் அப்படியே. வெல்லப்பாகு ஊற்றுமுன் எடுத்த வெறும்பொங்கலும் அதே பானையில், அதே அடுப்பில் வெந்ததுதான்.

கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல்நோய் உள்ளவர்கள் தமிழ்நாட்டில் குறைவாயினும் இல்லாமல் இல்லை. அரிசியும் சிறுதானியமும் விளையும் பூமியில் அவர்களுக்கு உணவுப் பஞ்சமில்லை. ஆனால், கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா மாவு கலந்திருப்பது பலர் அறியாதது. அதைப் போட்ட சாம்பாரும் ரசமும் மோரும் அவர்களுக்கு ஆகாதவை. பந்தலில் பரிமாறும் ரவை உப்புமாவும் சேமியாவும், திரும்பும் வழியில் உண்ணும் விருதுநகர்ப் பொரித்த பரோட்டாவும் வெளிப்படையாகவே கோதுமை. பெருங்காயம் மறைந்திருக்கும் கோதுமை.

உணவு கெடுவதைப் பற்றியும் ஒரு சொல். சமைத்த சோற்றை 32 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருப்பது பாதுகாப்பானதன்று. சோற்றில் பெருகும் சில நுண்ணுயிரிகளின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. உடல்நலம் உள்ளவருக்கு அது ஒருநாள் வயிற்றுப்போக்கு. இன்சுலின் எடுப்பவருக்கும், சிறுநீரகம் பழுதுற்றவருக்கும், மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை உண்பவருக்கும் அது மருத்துவமனையில் பல நாள். உப்பையும் எண்ணெயையும் குறைத்துச் சமைத்த நோயாளியின் கட்டுச்சோறு, மற்றவர்களுடையதைவிட விரைவில் கெடும் என்பதையும் மறக்கக் கூடாது. வேளைக்கு வேளை சிறிது சமைப்பதே உகந்தது.

இவற்றைத் தொகுத்தால், பயணத் திட்டம் ஒரு தாளில் அடங்கிவிடும். இடப்பக்கம் நேரத்தை எழுத வேண்டும்: காலை ஆறு, ஒன்பது, பகல் ஒன்று, மாலை ஐந்து, இரவு எட்டு, நள்ளிரவு. ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே மருந்து, உணவு, நீர் என மூன்று கட்டங்கள். நீரிழிவுக்காரர் இரவு நடைக்கு முன் சர்க்கரையைச் சோதித்து, 100-க்குக் கீழே இருந்தால் சிறிது உண்டுவிட்டே நடக்கத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு மணி நேர ஓய்விலும் ஒரு கைப்பிடி பொரிகடலை. பையில் குளுக்கோஸ் மாவு. சிறுநீரக நோயாளிக்கு வெள்ளைச்சோறு, வடித்த காய்ப் பொரியல், உப்பிடாமல் எடுத்த குழம்பு சிறிது, அளவுக்குறியிட்ட ஒரே ஒரு நீர்ப்புட்டி. அளவுக்கு வீட்டுக் கிண்ணம் ஒன்றையே உடன் எடுத்துச் செல்லலாம். இலையில் பரிமாறும்போது அளவு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. திட்டமிட்டதைவிட ஒருநாள் கூடுதலாக மருந்து இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை பெறுவோர், அந்தப் பதிவு அட்டையையும் உடன் கொண்டுசெல்வது அவசர நேரத்தில் உதவும்.

இவ்வளவும் தனிமனிதர் செய்துகொள்ளக் கூடியவை. ஆனால், சுமை முழுவதையும் நோயாளியின் தலையில் வைப்பது முறையாகாது. பாதயாத்திரைச் சாலைகளில் அன்னதானப் பந்தல்கள் நிறைந்திருக்கின்றன. இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் 2002-இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் இன்று பரந்து விரிந்திருக்கிறது. உணவுக்குப் பஞ்சமில்லை; தேர்ந்துகொள்ளும் வாய்ப்புக்குத்தான் பஞ்சம். அனைவருக்கும் ஒரே உணவு என்பது பார்வைக்குச் சமத்துவம். ஆனால், பந்தலைக் கடக்கும் நடையாளர்களில் ஒரு பகுதியினர் அதை உண்ண இயலாதவர்கள் என்றால், அவர்களுக்கு அந்தப் பந்தல் இல்லாததற்குச் சமம்.

பொருளியலில் கூடுதல் அலகின் செலவு என்றொரு கருத்து உண்டு. பந்தல், அடுப்பு, விறகு, ஆள் எல்லாம் ஏற்கெனவே செலவிட்டாயிற்று. அதன்மேல் இனிப்பும் உப்பும் சேர்க்காத ஒரு சிறு பானையைத் தனியே வைக்க ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம். அதனால் விலகும் இழப்போ, ஒரு மருத்துவமனைச் சேர்க்கை, ஒரு குடும்பத்தின் பல நாள் கூலி. பந்தலில் 'இதில் வெல்லம் உண்டு', 'இதில் உப்பு இல்லை', 'இதில் கோதுமை உண்டு' என்று அட்டையில் எழுதி வைக்க அந்தச் செலவுகூட இல்லை. அன்னதானம் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. அப்பதிவின்போதே இந்த எளிய அறிவிப்பு அட்டைகளையும் வலியுறுத்தலாம். விழாக்காலங்களில் சாலையோரம் அமைக்கப்படும் மருத்துவ முகாம்களில் சர்க்கரைச் சோதனையோடு நடை நாள்களுக்கான மருந்து, உணவு ஆலோசனையையும் சேர்க்கலாம்; அம்முகாம்கள் நடை தொடங்கும் ஊர்களில், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே நடந்தால் பயன் மிகுதி.

ஓரிரவு தங்குவோருக்கே இவ்வளவு கவலை என்றால், மாதக்கணக்கில் வெட்டவெளியில் தங்குவோரை நினைத்துப் பார்க்க வேண்டும். விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட்டு ஊர் ஊராகப் பெயர்கிறார்கள். வயலின் நடுவே கூடாரமிட்டு, பெரும்பாலும் ஒருவேளை சமைத்து, மிச்சத்தை நீரூற்றி மறுநாளும் உண்பவர்கள். கஞ்சிக்குத் துணை உப்பும் ஊறுகாயும் கருவாடும். அவர்களில் ரத்த அழுத்தமோ நீரிழிவோ கண்டவருக்கு, மாத்திரை தரும் சுகாதார நிலையம் ஒரு மாவட்டத்தில், கிடை இன்னொரு மாவட்டத்தில் என்றாகிவிடுகிறது. எந்த மாவட்டத்தின் துணை சுகாதார நிலையத்திலும் அவர்கள் தொடர் மருந்தைப் பெற வழி செய்வதும், உப்பில்லாமல் உலர்த்திய காய், வறுத்த பயறு போன்ற கிடைக்கேற்ற உணவு பற்றி அவர்களிடம் பேசுவதும் சுகாதாரத் துறை மேற்கொள்ளத் தக்க பணிகள்.

குலதெய்வக் கோயிலில் ஆண்டுக்கொருமுறை கூடுவது வெறும் விருந்தன்று. பிரிந்த பங்காளிகள் கணக்குத் தீர்ப்பதும், பிள்ளைகளுக்கு முறைசொல்லி அறிமுகம் செய்வதும், மூத்தவர் கையால் திருநீறு வாங்குவதும் அங்கேதான். அந்த மூத்தவர்தான் பெரும்பாலும் மருந்துச் சீட்டுக்காரர். இந்த ஆண்டு வரிப்பணம் பிரிக்கக் கூடும்போதே, யார் யாருக்கு என்ன கட்டுப்பாடு என்று கேட்டு எழுதிக்கொண்டு, சமையல் பொறுப்பாளரிடம் அந்தத் தாளைத் தந்துவிடலாம். பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பானைக்கு அடுப்பில் எப்போதும் இடம் இருக்கும்.